பரக்கத்துக்கு ஒதுக்கிய பறவை

எண்ணுவதில் என்னை வெல்ல ஊரில் ஆளில்லை என்று நினைத்திருந்தேன். மனதுக்குள் நினைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் வாயால் இன்னொருவரைக் கெடுத்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

விலங்கியல் படித்துப் பட்டம் எடுத்துவிட்டு அரச நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்து அலுத்துப்போன சமயத்தில், வீட்டில் இருந்தபடி கணினியில் செய்யும் வேலையொன்று எனக்குக் கிடைத்தது. என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு "குருவி எண்ணுற வேலை" என்றேன். கல்முனையில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது.

"குருவி எண்ணுறதுக்கா புள்ள கெம்பஸ் போய்ப் படிச்ச?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி. அதுவும் ஆளில்லாத தீவுக் குருவி" என்றேன்.

தென்துருவத்துக்குப் போகும் வழியில், எந்த நாட்டுக்கும் பக்கத்தில் இல்லாமல் தனியே கிடக்கும் சின்னத் தீவு அது. மரம் என்று ஒன்றுகூட இல்லை. புல், சேறு, பாறை, ஓயாத காற்று. குடியிருப்பவர் எவரும் இல்லை. வருடத்தில் ஒரு தடவை கப்பலில் சிலர் போவார்கள். மலைச்சரிவைப் பார்த்தபடி கம்பத்தில் பூட்டியிருக்கும் கமராவில் இருந்து அந்த வருடத்துப் படங்களை எடுத்து வருவார்கள். நாளொன்றுக்கு ஒரு படம், நண்பகலில். அவை கட்டுக் கட்டாக எனக்கு வந்து சேரும். சரிவின் மேட்டோரமாக அல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவையின் கூடுகள் வரிசையாக இருக்கும். எத்தனை கூட்டில் உயிர் இருக்கிறது என்று படம் படமாகப் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அல்பட்ரோஸ் இறக்கையை விரித்தால் எங்கள் முன்னறையின் ஒரு சுவரில் இருந்து மறு சுவரைத் தொடும். சேற்றையும் புல்லையும் குழைத்து மேடாக்கிய கூட்டில் ஒரே ஒரு முட்டை. தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டும் கடலுக்குப் போய்விடும். இரை கிடைக்கிற நாளில் வந்து ஊட்டிவிட்டு மறுபடி போகும். குஞ்சு குளிர்காலம் முழுவதும் கூட்டிலேயே தனியே குந்திக்கொண்டிருக்கும், கிழிந்த தலையணையிலிருந்து பிதுங்கிய இலவம்பஞ்சு மாதிரி. மேலே பனி விழுந்து மூடினாலும் எழும்பாது.

அங்கே எலிகள் இருந்தன. எந்தக் காலத்திலோ கப்பல்களில் வந்து இறங்கிப் பெருகியவை. அவை வந்து உயிரோடிருக்கும் குஞ்சைக் கொறிக்கும். குஞ்சுக்குத் தட்டிவிடத் தெரியாது. அதன் பரம்பரையிலேயே எலியை எதிர்த்துப் பழகியவர் இல்லை. முதுகில் காயத்தோடு ஒரு குஞ்சை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "எழும்பி ஒரு கொத்துக் கொத்தேன்டா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். எத்தனை குஞ்சு தப்புகிறது என்ற எங்கள் எண்ணிக்கையை வைத்துத்தான் எலிகளை ஒழிக்க ஆட்களை அனுப்புவது பற்றி முடிவெடுக்கப்போகிறார்கள் என்று எங்கள் பொறுப்பாளர் எழுதியிருந்தார். அவர் எங்கோ குளிர்நாட்டில் இருக்கும் ஒரு பெண்மணி. அதனால் ஒரு குஞ்சைக்கூட விடக்கூடாது என்ற வெறி எனக்கு.

எண்ணுவதற்கு நான் வைத்திருந்தது விரலில் மோதிரம் போல மாட்டும் சின்ன இயந்திரம். இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி திக்ர் ஓதுகிறவர்கள் கணக்குக்கு வைத்திருப்பது. பெருவிரலால் அமர்த்தினால் இலக்கம் ஒன்று கூடும். என் ராத்தா, எனக்கு மூத்தவர், மக்காவுக்கு உம்றா போய் வந்தபோது எனக்கென்று கொண்டு வந்தது. ராத்தா வீடு பக்கத்து வீடுதான், உம்மா எங்கள் இருவருக்கும் ஒரே வளவில் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். வரிசையின் வலது கோடியில் தொடங்கி இடது பக்கமாக எண்ணிக்கொண்டு போவேன். குர்ஆன் ஓதிப் பழகிய கண் அப்படித்தான் போகும். வலது கோடிக் கூட்டுக் குஞ்சைக் கண்டதும், இறைவன் அருள் பெருகட்டும் என்பது போல, "பரக்கத்து" என்று வாய் சொல்லும். சொல்லிச் சொல்லி அதற்கு அதுவே பெயராகிவிட்டது.

ராத்தா மரக்கறி நறுக்கும் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்காருவார். "நம்மட பரக்கத்து எப்படி இரிக்கி?" என்பார்.

"இரிக்கி ராத்தா. தலைக்கு மேல பனி. ஆனா இரிக்கி."

"மாஷா அல்லாஹ். வைராக்கியம் புடிச்சது, உன்னப்போல."

நடுக்குளிர்காலத்துப் படங்களுக்கு வந்தபோது பிரச்சினை வெளியே வந்தது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியே எண்ணுவோம். மற்றவர் யார் என்று எனக்குத் தெரியாது, இரண்டாம் எண்ணுநர் என்றுதான் கடிதங்களில் வரும். இருவரின் எண்களும் தொடக்கத்திலிருந்தே அநேகமாக எல்லா நாளும் ஒன்றால் வேறுபடுகின்றன, எனக்குப் பதின்மூன்று என்றால் அவருக்குப் பதினான்கு என்று பொறுப்பாளர் எழுதினார். யாரில் பிழை என்று கண்டுபிடியுங்கள், பிழையான கண்ணை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர முடியாது என்றும் எழுதியிருந்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எனக்கா பிழைக்கும்? ராத்தாவைக் கூப்பிட்டேன். "நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நீங்களே எண்ணுங்க" என்று இயந்திரத்தை அவர் விரலில் மாட்டிவிட்டேன். ராத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, நிதானமாக எண்ணினார். பதின்மூன்று. இன்னொரு படம். பதின்மூன்று. பத்துப் படம் எண்ணினார். எல்லாம் என் எண்ணிக்கைதான்.

"வல்லாஹி, பதிமூண்டுதான்" என்றார் ராத்தா. "அந்த மனிசனுக்குத்தான் என்னமோ பிழைக்கிது."

அப்படியானால் அவர் எதைக் கூடுதலாக எண்ணுகிறார்? தேடினேன். வரிசையின் நடுவில், இரண்டு கூடுகளுக்கு இடையில், பறவை எச்சம் படிந்து வெளுத்த கல்லொன்று இருந்தது. அகப்பட்டுக்கொண்டான் கள்ளன்! கல்லைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டு, இரண்டாம் எண்ணுநர் கல்லைக் குஞ்சு என்று எண்ணுகிறார், இன்னொருவரையும் வைத்துச் சரிபார்த்துவிட்டேன், கண் சரியில்லாதவர்களை இந்த வேலைக்கு வைக்க வேண்டாம் என்று கடிதம் எழுதினேன். கடைசி வரியை அழித்துவிடு என்று மனம் ஒரு தடவை சொன்னது. அழிக்கவில்லை.

அடுத்த கட்டுப் படங்களில் அவருடைய எண்ணும் பதின்மூன்று என்று வந்தது. அதற்கடுத்த கட்டிலும் அப்படியே. பிறகு பொறுப்பாளரிடமிருந்து இரண்டு வரி வந்தது. உங்கள் விளக்கத்துக்கு நன்றி. இரண்டாம் எண்ணுநர் தம் கண்ணில் நம்பிக்கை இல்லை என்று தாமாகவே விலகிக்கொண்டார்.

நான் வென்றுவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்து வட்டிலப்பம் அவித்தேன்.

என் கணவர் மீன் ஏற்றும் கூலர் லொறி ஓட்டுகிறவர். கொழும்புக்கும் ஊருக்குமாகத் திரிந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத்தான் வீடு வந்து சேருவார். பிறந்து வளர்ந்தது சாய்ந்தமருதுக் கடற்கரையில், மீன்காரக் குடும்பம். பகல் சாப்பாடு முடிந்து வட்டிலப்பத்தை வாயில் வைத்தபடி, "என்ன விசேசம்?" என்று கேட்டார். நானும் ராத்தாவும் மாறி மாறிக் கதை சொல்லி முடித்தோம்.

"எங்க, நானும் ஒருக்காப் பாக்கன்" என்று மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி, இரண்டிரண்டாகத் தொட்டுக்கொண்டு போனார். "ரெண்டு, நாலு, ஆறு..." மீன்காரர் எண்ணும் எண்ணிக்கை அது. இரு கையிலும் ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் போட்டுப் பழகியவர்கள். "பதினாலு" என்றார்.

ராத்தா வாய்விட்டுச் சிரித்தார். "தம்பியும் கல்லச் சேத்து எண்ணிட்டார்!"

"கல்லு இந்தாக் கிடக்கு, மதினி. நான் அதத் தொடல்ல."

"அப்ப திரும்ப எண்ணுங்க" என்றேன்.

எண்ணினார். பதினான்கு. எனக்குப் பொறுக்கவில்லை. இயந்திரத்தை மாட்டிக்கொண்டு அவர் முன்னாலேயே எண்ணிக் காட்டினேன். பதின்மூன்று. அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா எண்ணு, புள்ள. மெதுவா."

எண்ணினேன்.

"முதலாவதுக்கு உன்ட பெருவிரல் அசையல்லையே?" என்றார். "பரக்கத்து எண்டு வாயால சொல்றாய். அமத்துறாயில்ல. ரெண்டாவதுக்குத்தான் அமத்துறாய்."

நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா என்னைப் பார்த்தார்.

எங்கள் வாப்பாவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல் இருக்கிறது. ஆண்பிள்ளை இல்லாத வீடு, அதனால் அறுவடைக்கு மூட்டை எண்ணுவது எங்கள் இருவரின் வேலையாக இருந்தது. வெட்டு மெசினில் இருந்து நெல் கொட்டி முதல் மூட்டையைக் கட்டியதும் வாப்பா அதைத் தொட்டு "பரக்கத்து" என்பார். அந்த மூட்டை தனியே போய் நிற்கும். அது ஏழைகளுக்கு. எங்கள் கணக்கில் அது வராது, வரவும் கூடாது. அடுத்த மூட்டைதான் எங்களுக்கு ஒன்று. சிறு வயதில் ஒரு தடவை முதல் மூட்டைக்கு "ஒண்டு" என்று சொன்னதற்கு வாப்பா என்னை அன்று முழுவதும் எண்ணவிடவில்லை. அப்படிப் பழகிய வாய், அப்படிப் பழகிய விரல். அதே வயலில் அதே மூட்டையை எண்ணிய ராத்தாவைத்தான் நான் சாட்சிக்கு வைத்திருக்கிறேன்! ஊர் உலகத்தில் வேறு யாரைக் கூப்பிட்டிருந்தாலும் பிழை அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார் கணவர். பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதமாக நலம் விசாரித்த குஞ்சு. பனியில் புதைந்தும் எழும்பிய குஞ்சு. எலிக்குத் தப்பியது என் விரலுக்குத் தப்பவில்லை. அதோடு கண் நன்றாக இருந்த ஒரு மனிதரின் கண்ணைப் பழுது என்று நான் எழுதியிருக்கிறேன். அவரும் நம்பிவிட்டார்.

ராத்தாதான் முதலில் வாயைத் திறந்தார். "பேசாம இரி. அவர் தானாத்தானே போனார். ஆளில்லாத தீவுல ஒரு குஞ்சு கூடினா என்ன, குறைஞ்சா என்ன? ஆரு போய்ப் பாக்கப்போறாங்க?"

"ஆரும் பாக்க ஏலாது எண்டுதானே ராத்தா நம்மள நம்பித் தந்திரிக்காங்க?"

"சொன்னா உன்ட வேலை போயிடும்."

"போனாப் போகட்டும். அந்த மனிசன் திரும்பி வரணும். அவர் வராம நான் இதுல குந்தியிரிக்கிறது ஹறாம்."

"அப்ப எல்லாப் படத்துக்கும் ஒண்டக் கூட்டி அனுப்பிவிடு, வேலை முடிஞ்சிது" என்றார் கணவர்.

அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூடுபனி இறங்கிய நாட்கள் இருக்கின்றன. வலது கோடி மறைந்துபோன நாட்களில் நான் எந்தப் பறவையைப் பரக்கத்துக்கு விட்டேனோ, விடவே இல்லையோ, யாருக்குத் தெரியும்? கூட்டிவிடுவது எண்ணுவதாகாது. முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணினேன். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு உட்காருவேன். கரண்ட் போனால் மடிக்கணினியின் பற்றரி சாகும்வரை எண்ணுவேன், கணவர் வீட்டில் நின்ற நாளில் அவருடைய லொறி பற்றரியில் இருந்து வயர் இழுத்தும் எண்ணினேன். விரல் இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். ஒவ்வொரு குஞ்சின் மேலும் திரையில் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை எண்ணினேன். முதல் புள்ளியை வைக்கும்போதெல்லாம் பெருவிரல் பின்வாங்கும். "வை!" என்று எனக்கே சத்தம் போடுவேன். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் சமைத்தது ராத்தாதான்.

எண்ணி முடித்த பின்னேரம் கடிதத்தை எழுதினேன். பிழை என்னுடையது. வயலில் முதல் மூட்டையை ஒதுக்கும் பழக்கம் என் விரலில் இருந்தது, அது எனக்குத் தெரியாது. இரண்டாம் எண்ணுநர் கல்லை எண்ணவில்லை, அவர் எண்ணியது உயிருள்ள ஒரு குஞ்சை. அவரைத் திரும்ப அழையுங்கள், வேண்டுமானால் நான் விலகிக்கொள்கிறேன். அவருடைய கண்ணைப் பற்றி நான் எழுதிய வரிக்காக மன்னிப்புக் கேட்கிறேன், இதை அவருக்கே காட்டுங்கள்.

ராத்தா கை துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றார். "என்னயும் எழுது" என்றார்.

"என்னெண்டு?"

"சாட்சி சொன்னது நான். வல்லாஹி எண்டு சத்தியம் வேற பண்ணிட்டன். பொய்ச் சாட்சியோட நான் மௌத்தாக ஏலாது. எழுது."

எழுதினேன். என் சகோதரியும் மன்னிப்புக் கேட்கிறார் என்று.

பொறுப்பாளரின் பதில் நாலு நாள் கழித்து வந்தது. கடைசிக் கட்டுப் படங்களை இருவரும் எண்ணுங்கள், அதற்குப் பிறகு பார்ப்போம் என்பதுதான் அதில் இருந்தது. அதன் கீழே இரண்டாம் எண்ணுநர் எனக்கு எழுதிய கடிதத்தை இணைத்திருந்தார். கணவரும் வீட்டில் இருந்தார். நான் வரி வரியாக வாசித்து, ராத்தாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மனைவி இறந்த பிறகு பொழுது போகாமல் இந்த வேலைக்கு வந்தவர். இடமிருந்து வலமாக எண்ணுகிறவர். "உங்களுக்கு முதலாவதாக வரும் குஞ்சு எனக்குக் கடைசி" என்று எழுதியிருந்தார். "ஒன்று கூடுதல் என்று சொன்னதும் நான் அந்தக் கடைசிக் குஞ்சைத்தான் சந்தேகப்பட்டேன். கல்லை நான் ஒரு நாளும் எண்ணியதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு பேர் பார்த்து இல்லை என்கிறார்களே. அதனால் பிறகு வந்த படங்களில், கண்ணுக்கு முன்னால் அது தெரியத் தெரிய, அதை விட்டுவிட்டு எழுதினேன். இல்லாத பறவையைக் காணும் கண்ணோடு வாகனம் ஓட்டக்கூடாது என்று கார்ச் சாவியையும் மகளிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். சாவி இப்போது மேசையில் இருக்கிறது. இன்னும் எடுக்கவில்லை."

முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கும் என் கணவர்தான் அதிகம் கலங்கிப்போனார். எழும்பி வாசலுக்குப் போய் லொறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் சேந்து ஒரு குஞ்ச இல்லாம ஆக்கிரிக்கோமே" என்று ராத்தா தலையில் கை வைத்தார். "அந்த மனிசன எடுக்கச் சொல்லு. சாவிய எடுக்கச் சொல்லு, புள்ள."

நானும் அதையே எழுதினேன். சாவியை எடுங்கள் என்ற ஒரு வரிதான். வேறு என்ன எழுத எனக்குத் தகுதி?

கடைசிக் கட்டு வந்தது. தீவில் பனி உருகிப் புல் பச்சையாகியிருந்தது. மிஞ்சிய குஞ்சுகளுக்குப் பஞ்சு உதிர்ந்து இறகு வந்திருந்தது. முதல் படத்தில் வலது கோடியில் பெருவிரல் பின்வாங்காமல் புள்ளி வைத்தேன். பரக்கத்து என்று வாயும் சொன்னது, சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டாவது படத்தில் பரக்கத்து கூட்டை விட்டு இறங்கி நின்று, காற்றைப் பார்த்து இரண்டு இறக்கையையும் விரித்திருந்தது. ஒன்பதாவது படத்தில் கூடு வெறுமை. இரத்தமோ உதிர்ந்த இறகோ பக்கத்தில் இல்லை. பறந்திருக்கிறது. அன்று அதை எண்ணாமல் விட்டதுதான் சரியான எண்ணிக்கை. ராத்தாவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

இரண்டு பேரின் எண்களும் எல்லாப் படத்திலும் ஒன்றாக இருந்தன என்று பொறுப்பாளர் எழுதினார். அடுத்த வருடத்துப் படங்களுக்கும் இருவரும் இருங்கள் என்றார். அதைவிட நான் காத்திருந்த கடிதம் அன்று பின்னேரம் வந்தது. அஸர் தொழுகைப் பாயில் இருந்த ராத்தா ஸலாம் கொடுத்துத் தொழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டே வரி.

"இன்று கடற்கரை வரை ஓட்டிப்போய் வந்தேன். வழியில் நிறையக் கற்கள் கிடந்தன, ஒன்றுகூடப் பறவையாகத் தெரியவில்லை."